ஒரு கால் மட்டும் வீங்கினால்: புற்றுநோயும் ரத்த உறைவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை ஸ்டூடியோல ரெக்கார்ட் பண்ணல. திருவண்ணாமலை பக்கத்துல வேங்கிக்கால்ல, எங்க அத்தை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். பின்னாடி வேலூர் ரோட்டு பஸ் ஹார்ன் கேட்டா பொறுத்துக்கோங்க. கலெக்டர் ஆபீஸ் இந்த ஊர்லதான் இருக்கு, பகல்ல ரோடு அடங்கவே அடங்காது.

இன்னைக்குப் பேசப்போற விஷயம், புற்றுநோய் இருக்கறவங்களுக்கு ரத்தம் தேவையில்லாத இடத்துல உறையறது. அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். "என் பேரைச் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால அவங்க அத்தை, அவ்வளவுதான்.

அத்தைக்கு 58 வயசு. சினைப்பையில கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ. அதுக்கு வேலூர் போகணும். இங்கிருந்து போளூர் வழியா 80 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ல ரெண்டரை மணி நேரம் ஆகிடும். போக வர அஞ்சு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கணும். மூணாவது கீமோ முடிஞ்ச அடுத்த வாரம் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரங்க வீடு முழுக்க. நானும் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

அப்பதான் அத்தையோட இடது கால் வீங்க ஆரம்பிச்சது. முதல் நாள் கணுக்கால், மறுநாள் ஆடுதசை வரைக்கும். லேசா சூடு, அழுத்தினா வலி. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நின்னு நின்னு சமைச்சதால நீர் கோத்துக்கிச்சுன்னு ஒருத்தர். யானைக்கால் மாதிரி இருக்குன்னு எதிர்வீட்டம்மா. வட தமிழ்நாட்டுல அந்த நோய் தலைமுறை தலைமுறையா இருந்தது, அதனால கால் வீங்கினாலே இங்க முதல்ல அந்தப் பேர்தான் வாயில வரும். பக்கத்துல ஒரு கிளினிக் போனோம். வலி மாத்திரை, நீர் பிரியற மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. கீமோ போயிட்டு இருக்குன்னு நாங்க சொன்னோம். ஸ்கேன் பத்தி யாரும் பேசல, எங்களுக்கும் கேட்கத் தெரியல.

அன்னைக்கு ராத்திரி நல்லெண்ணெய் காய்ச்சி அத்தை காலைத் தேய்ச்சு விட்டது நான்தான். மறுநாள் ராத்திரியும். கீழிருந்து மேல நல்லா அழுத்தி. "சுகமா இருக்குப்பா"ன்னு அத்தை தூங்கிட்டாங்க. விடியக்காலை நாலு மணிக்கு மூச்சு வாங்க முடியாம எழுந்து உட்கார்ந்துட்டாங்க. உதடு வெளிறிப் போச்சு. 108-க்கு போன் பண்ணினோம்.

சிடி ஸ்கேன்ல நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி தெரிஞ்சது. கேன்சர் கட்டி இல்ல, உறைஞ்ச ரத்தம். கால்ல டாப்ளர் ஸ்கேன் எடுத்தப்போ தொடை வரைக்கும் உள்நரம்புல ரத்தம் உறைஞ்சிருந்தது. அதுல ஒரு துண்டு பிய்ஞ்சு இதயம் வழியா நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. நான் தேய்ச்சதாலதான் பிய்ஞ்சதான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். தானாவும் பிய்யும், உறுதியா எதுவும் சொல்ல முடியாது, ஆனா இப்படிப்பட்ட காலை யாரும் தேய்க்கக் கூடாதுன்னு சொன்னார். அந்த பதிலோடதான் நான் இன்னும் இருக்கேன்.

சரி, ஏன் இப்படி ஆகுது?

நம்ம ரத்தம் ரெண்டு வேலையை ஒரே நேரத்துல செய்யணும். குழாய்க்குள்ள தண்ணி மாதிரி ஓடணும், குழாய் கிழிஞ்சா சில நிமிஷத்துல கெட்டியாகி ஓட்டையை அடைக்கணும். எப்ப கெட்டியாகணும்னு சொல்றதுக்கு உடம்புல ஒரு சிக்னல் இருக்கு. டிஷ்யூ ஃபேக்டர்னு ஒரு புரதம். சாதாரணமா இது ரத்தக்குழாய்க்கு வெளியில இருக்கற செல்கள்ல மட்டும்தான் இருக்கும். விரல்ல கத்தி பட்டா, வெளியே வர்ற ரத்தம் இந்தப் புரதத்தைத் தொடும், உடனே உறையற சங்கிலி ஆரம்பிக்கும். குழாய்க்குள்ள ஓடற ரத்தம் அதைப் பார்க்கவே பார்க்காது. நல்ல ஏற்பாடு.

நிறைய கேன்சர் செல்கள் இந்தப் புரதத்தைத் தன் மேல சுமந்துட்டு இருக்கும். அதோட நிக்காம, அது ஒட்டின குட்டிக் குட்டித் துணுக்குகளை ரத்தத்துல உதிர்த்துக்கிட்டே இருக்கும். அதாவது எங்கேயும் காயம் இல்லாமலேயே "காயம் காயம்"னு உடம்பு முழுக்க பொய் அலாரம் அடிச்சிட்டு இருக்கு.

ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவ், 19-ஆம் நூற்றாண்டோட நடுவுல, கால்ல உறைஞ்ச ரத்தம் துண்டாகி நுரையீரலுக்குப் போகுதுன்னு காட்டினவர். அவர் பேர்ல இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் மூணு காரணம் படிப்பாங்க: ரத்தம் தேங்கறது, குழாயோட உள்சுவர் அடிபடறது, ரத்தமே உறையற குணம் கூடிப்போறது. ஏரியிலிருந்து வர்ற வாய்க்காலை நினைச்சுக்கோங்க. தண்ணி நின்னா பாசி பிடிக்கும், கரை உடைஞ்ச இடத்துல குப்பை சிக்கும், தண்ணியே சேறா வந்தா சீக்கிரம் தூர்ந்துடும். கேன்சர் வந்த உடம்புல மூணும் ஒண்ணா நடக்குது. அடிவயித்துல கட்டி இருந்தா கால்லேர்ந்து மேல வர்ற நரம்பை அது அழுத்தும். ஆபரேஷன் முடிஞ்சு படுத்தே கிடப்பாங்க. கீமோ மருந்துகள்ல சிலது, சிஸ்பிளாட்டின் மாதிரி, குழாயோட உள்சுவரைக் கெடுக்கும். மருந்து ஏத்த கை வழியாவோ மார்பு வழியாவோ வைக்கிற நீளக் குழாயைச் சுத்தியும் ரத்தம் உறையலாம், அப்போ வீங்கறது கை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கற டமாக்சிஃபென் மாத்திரையும் உறையற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும்.

எல்லா கேன்சரும் ஒரே மாதிரி இல்ல. கணையம், இரைப்பை, மூளை ரொம்ப அதிகம். நுரையீரல், சினைப்பை, லிம்ஃபோமா அடுத்து. மார்பகம், ப்ராஸ்டேட் ஒப்பிட்டா குறைவு. இடது கால்ல அதிகம் வர்றதுக்குக் கூட ஒரு காரணம் இருக்கு: இடுப்புக்குள்ள இடது பக்கத்துப் பெரிய சிரை மேல வலது பக்கத்துத் தமனி குறுக்க ஏறிப் போகுது. எல்லாருக்கும் அப்படித்தான். அத்தைக்கும் இடது கால்தான்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1865-ல பாரிஸ்ல அர்மான் த்ரூசோன்னு ஒரு பெரிய மருத்துவர், காரணமே இல்லாம அங்கங்க நரம்புல ரத்தம் உறைஞ்சா உள்ளே எங்கேயோ கேன்சர் ஒளிஞ்சிருக்கலாம்னு பாடம் எடுத்தார். ரெண்டு வருஷத்துல, அவர் மாணவர்களுக்குச் சொன்ன அதே அறிகுறி அவர் உடம்புலயே வந்தது. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு அவருக்கு. 1867-ல இரைப்பைப் புற்றுநோயால இறந்தார். அந்த நோய்க்குறிக்கு இன்னைக்கும் அவர் பேர்தான்.

நம்ம பக்கம் என்ன நிலைமை? இந்தியர்களுக்கு, பொதுவா ஆசியர்களுக்கு, கால் நரம்புல ரத்தம் உறையறது அபூர்வம்னு ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை இருந்தது, டாக்டர்கள் நடுவிலும்தான். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1996-லேர்ந்து 2005 வரைக்குமான தங்களோட பதிவேடுகளைப் புரட்டி, 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உறுதி செய்யப்பட்ட கேஸ்கள் அங்கே 10,000 அட்மிஷனுக்கு 17-க்கு மேல. அந்த நோயாளிகள்ல 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. இங்கிருந்து ஒரே பஸ்ல போயிடற தூரத்துல, வட மாவட்டத்து ஜனங்க தினம் போய் நிக்கற ஆஸ்பத்திரியோட கணக்கு இது. நம்மகிட்ட குறைவா இருந்தது நோயா, தேடறதான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இதுல மொழிச் சிக்கல் ஒண்ணு இருக்கு, சொல்லியே ஆகணும். ஆஸ்பத்திரியில நர்ஸ் சொன்னது "கால்ல ரத்தம் கட்டியிருக்கு"ன்னு. எங்க வீட்டுல எல்லாரும் அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்க தெரியுமா? ரத்தக்கட்டு! கீழ விழுந்து அடிபட்டா வர்ற ரத்தக்கட்டு. அதுக்குத் தமிழ்நாட்டுல எல்லாருக்கும் வைத்தியம் தெரியும்: மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்து போடு, ஒத்தடம் கொடு, நீவி விடு. அத்தை டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்னைக்குப் பெரியம்மா பத்துக்குச் சுண்ணாம்பு எடுத்து வச்சிருந்தாங்க. அடிபட்ட ரத்தக்கட்டு தோலுக்கு அடியில கசிஞ்ச ரத்தம். இது குழாய்க்குள்ள அடைச்ச ரத்தம். வார்த்தை ஒண்ணு, வைத்தியம் நேர் எதிர். டாக்டர்கள், நர்ஸ்கள் யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு "நரம்புக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு, தேய்க்கக் கூடாது"ன்னு முழு வாக்கியமா சொல்லுங்க.

யானைக்காலுக்கும் இதுக்கும் வித்தியாசம் வேகம்தான். யானைக்கால் மாசம், வருஷம்னு மெதுவா வரும். இது சில மணி நேரம், சில நாள். ரெண்டு கால்ல ஒண்ணு மட்டும் திடீர்னு பெருசாகி, ஆடுதசை கனத்து, வலிச்சா, அதுவும் கேன்சர் சிகிச்சையில இருக்கறவங்கன்னா, அன்னைக்கே டாப்ளர் ஸ்கேன் கேளுங்க. ரத்தத்துல டி-டைமர்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. கேன்சர் இருக்கறவங்களுக்கு அது எப்படியும் கூடுதலாத்தான் காட்டும், அதை வச்சு ஒரு முடிவுக்கு வர்றது கஷ்டம். ஸ்கேன்தான் பேசும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்தறது, இருமல்ல ரத்தம், மயக்கம் இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க.

வைத்தியத்துக்கு வருவோம். முதல்ல அத்தைக்கு ஹெப்பாரின் வகை ஊசி, எனாக்சாபரின். காலையும் ராத்திரியும் தொப்புளைச் சுத்தி வயித்துத் தோல்ல. மாமாவே போடக் கத்துக்கிட்டார். தோலைக் கிள்ளிப் பிடிச்சு நேரா குத்தணும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. நாப்பது வருஷம் கழனி வேலை பார்த்த கை, முதல் நாள் நடுங்கினதைப் பார்க்கணும் நீங்க. ஹெப்பாரினோட கதை வேடிக்கையானது. 1916-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜே மெக்லீன்னு ஒரு மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கிற பொருளைத் தேடிட்டு இருந்தப்போ, நாயோட ஈரல்ல உறையாம தடுக்கற பொருள் கிடைச்சது. இப்ப வர்ற ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடல்லேர்ந்து எடுக்கறது. மத நம்பிக்கை காரணமா தெரிஞ்சுக்க விரும்பறவங்க டாக்டர்கிட்ட தாராளமா கேட்கலாம், மாத்து வழி இருக்கு.

வார்ஃபரின் கதை இன்னும் விசேஷம். 1920-கள்ல கனடாவிலும் அமெரிக்காவோட வடபகுதியிலும் மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிக்காம செத்துப்போச்சு. கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல் காரணம். 1933-ல ஒரு விவசாயி, செத்த கிடாரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில ஏத்திட்டு, பனிப்புயல்ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்னார். அங்கே கார்ல் லிங்க்னு ஒரு வேதியியலாளரோட லேப்தான் அந்த நேரத்துல திறந்திருந்தது. அந்தப் புல்லுல இருந்த விஷத்தைப் பிரிச்சு எடுத்து, அதுலேர்ந்து அவங்க உருவாக்கினது முதல்ல எலி மருந்தா வந்தது, 1948-ல. 1954-ல மனுஷங்களுக்கு மருந்தாச்சு. நம்ம ஊர்ல இதோட பங்காளியான அசினோகூமரால் மாத்திரைதான் நிறைய எழுதுவாங்க.

"கீரை சாப்பிடாதே"ன்னு சொல்றது இந்த ரெண்டு மாத்திரைக்கு மட்டும்தான். கீரையில இருக்கற வைட்டமின் கே இந்த மருந்தோட வேலையைக் குறைக்கும். அதுக்காக முருங்கைக்கீரையை மறந்துட வேண்டியதில்ல. வாரா வாரம் ஒரே அளவா சாப்பிட்டா, அதுக்கேத்த மாதிரி ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்து டோஸ் வைப்பாங்க. ஒரு மாசம் தொடாம இருந்துட்டு அடுத்த மாசம் தினம் கூட்டு வச்சு சாப்பிட்டாதான் வம்பு.

கேன்சர்காரங்களுக்கு வார்ஃபரின் அவ்வளவா ஒத்துவரல. கீமோ வாந்தியில சாப்பாடு ஏறி இறங்கும், மத்த மருந்துகளோட மோதும். 2003-ல வெளியான கிளாட்ங்கற ஆய்வுல, ஆறு மாசத்துல மறுபடியும் உறைஞ்சது வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவங்கள்ல 17 சதவீதம், டால்டிபரின் ஊசி போட்டவங்கள்ல 9 சதவீதம். அதுக்கப்புறம் பல வருஷம் ஊசிதான். 2020-ல கரவாஜியோ ஆய்வு, அபிக்சபான் மாத்திரை அந்த ஊசிக்குச் சளைச்சதில்லன்னு காட்டினது, பெரிய ரத்தப்போக்கும் கூடல. பேட்டன்ட் முடிஞ்ச பிறகு இந்திய கம்பெனிகள் பல இதைத் தயாரிக்கறாங்க, விலையும் இறங்கியிருக்கு. அத்தை ஒரு மாசம் ஊசி போட்டுட்டு இந்த மாத்திரைக்கு மாறினாங்க. குறைஞ்சது ஆறு மாசம், கேன்சர் சிகிச்சை நீண்டா அதுவும் நீளும். இரைப்பை, குடல் கேன்சர்ல இந்த வகை மாத்திரைகள்ல சிலது ரத்தப்போக்கைக் கூட்டும், அதனால யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஒண்ணு மட்டும் உங்களுக்கு: இந்த மருந்துகள் எடுக்கறவங்க மெடிக்கல் ஷாப்புல கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. நாட்டு மருந்து சாப்பிட்டா மறைக்காம சொல்லுங்க.

இப்ப எனக்குக் கோபம் வர்ற இடம். அத்தை தேறினதுக்கு அப்புறம் ஒரு நாள் அவங்க ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். 2008-ல அமெரிக்காவுல இருக்கற அலோக் கொரானாங்கற புற்றுநோய் மருத்துவர் ஒரு ஸ்கோர் வெளியிட்டார். கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் எடுக்கற சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். இரைப்பை, கணையக் கேன்சருக்கு 2 மார்க். நுரையீரல், லிம்ஃபோமா, பெண் உறுப்புகள், சிறுநீர்ப்பை, விரைன்னா 1. பிளேட்லெட் மூன்றரை லட்சம் அல்லது அதுக்கு மேல, 1. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ, 1. வெள்ளணு 11,000-க்கு மேல, 1. உடல் பருமன் குறியீடு 35 அல்லது அதுக்கு மேல, 1. மூணு வந்தா அதிக ஆபத்து. அத்தைக்கு சினைப்பை, 1. முதல் கீமோவுக்கு முந்தின ரிப்போர்ட்ல பிளேட்லெட் 4.1 லட்சம், 1. ஹீமோகுளோபின் 9.4, 1.

மூணு. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள, எங்க பீரோவுல, அந்தக் காகிதம் அத்தனை நாளும் இருந்திருக்கு.

2019-ல அவெர்ட்னு ஒரு ஆய்வு: ஸ்கோர் 2 அல்லது அதுக்கு மேல உள்ளவங்களுக்கு கீமோவோட சேர்த்து முன்கூட்டியே குறைஞ்ச டோஸ் அபிக்சபான் கொடுத்தப்போ, ரத்தம் உறைஞ்சது 4.2 சதவீதம். வெறும் மாத்திரை கொடுத்தவங்களுக்கு 10.2. பெரிய ரத்தப்போக்கு 1.8-லேர்ந்து 3.5 ஆகக் கூடினதும் உண்மை. அதனால எல்லாருக்கும் கொடுக்கணும்னு நான் சொல்லல. ஸ்கோர் கம்மியா இருந்தவங்களுக்கும் உறைஞ்சிருக்கு. ஆனா "எனக்கு இந்த ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?"னு முதல் கீமோவுக்கு முன்னாடி கேட்கறதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

ரத்தம் எதிர்ப்பக்கம் போற கேன்சரும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா பாதிக் கதைதான். ஏபிஎல்னு ஒரு ரத்தப் புற்றுநோய். உடம்பு முழுக்கக் குட்டி குட்டியா உறைஞ்சு, உறையறதுக்கான சரக்கெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில ஈறுல, மூக்குல, மூளையில ரத்தம் கசியும். ஒரு காலத்துல சில நாள்ல ஆளைக் கொண்டுபோயிடும். சீன மருத்துவர்கள் இதுக்கு ஆர்சனிக் வேலை செய்யறதைக் கண்டுபிடிச்சாங்க. ஆமா, பாஷாணம்! வேலூர் சிஎம்சி 1998-லேர்ந்து 2004 வரை 72 புது நோயாளிகளுக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கினதை 2006-ல வெளியிட்டது. விலை உயர்ந்த கூட்டு சிகிச்சைக்கு வழியில்லாத ஊர்ல செஞ்ச வேலை அது, உலகம் திரும்பிப் பார்த்தது. அதுக்குத் தனி எபிசோட் போடறேன்.

அத்தை இப்ப உள்ளதான் இருக்காங்க. கீமோ ஆறும் முடிஞ்சது. வேலூர் போறப்போ போளூர்ல பஸ் நின்னா இறங்கி நாலு எட்டு நடந்துட்டு ஏறறாங்க, கண்டக்டருக்கே பழகிப்போச்சு. மாமா தையல் கடையிலிருந்து ஒரு இன்ச் டேப் வாங்கிட்டு வந்து காலண்டர் ஆணியில மாட்டியிருக்கார். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு ஆடுதசையையும் அளந்து, காலண்டர் தாள்லயே எழுதி வைக்கறார். இன்னைக்கு ஞாயிறு. வலது 33, இடது 34.